செகண்ட் லைஃபில் நிலம்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகில் நுழைந்து சில வாரங்கள் ஆனதும், தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது. அங்கே வாங்கும் பொருள்கள் பல பெட்டியில் அடைத்துத்தான் வருகின்றன. அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கக்கூட, பொருள் வைக்க அனுமதி உள்ள நிலம் தேவைப்படுகிறது. அந்த நிலையில் வரைபடத்தைத் திறந்து, விற்பனைக்கு உள்ள மனைகளின் விலையைப் பார்த்து, இவ்வளவு மலிவாக இருக்கிறதே என்று உடனே வாங்கிவிட்டு, அடுத்த மாதக் கட்டணச் சீட்டைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. திரையில் தெரியும் விலை நிலத்தின் செலவில் சிறு பங்குதான். மாதந்தோறும் செலுத்த வேண்டிய கட்டணமே அந்நிலத்தின் உண்மையான விலை. அதை நிர்ணயிப்பது விற்பவரோ வாங்குபவரோ அல்லர், அவ்வுலகை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியின் காரணமும் எளிதில் விளங்கும்.

முதல் படி: எதை வாங்குகிறோம் என்று அறிதல்

செகண்ட் லைஃபின் நிலம் ரீஜன் எனப்படும் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு ரீஜன் 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் பரப்பு 65,536 சதுர மீட்டர். ஒவ்வொரு ரீஜனையும் ஒரு சர்வரில் ஓடும் நிரல் இயக்குகிறது. அங்கே நிற்கும் அவதார்கள் என்னும் பயனர் உருவங்கள், அசையும் கதவுகள், பொருள்களை இயக்கும் ஸ்கிரிப்டுகள் என்னும் சிறு நிரல்கள் எல்லாம் அந்த நிரலின் கணிப்புத் திறனைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே ஒரு மனையை வாங்குபவர் மண்ணை வாங்குவதில்லை. ஒரு கணினியின் உழைப்பில் ஒரு பங்கைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுகிறார். அந்தக் கணினி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் கட்டணமும் மாதந்தோறும் தொடர்கிறது.

பயன்பாட்டு விதிகளும் இதையே சொல்கின்றன. நிலம் என்பது நிறுவனம் வழங்கும் உரிமம். பத்திரம் பதிந்து பெறும் சொத்து அன்று. தொடக்க ஆண்டுகளில் நிறுவனமே நில உரிமை என்ற சொல்லை விளம்பரங்களில் தாராளமாகப் பயன்படுத்தியது. 2006 ஆம் ஆண்டில், ஏல முறையில் இருந்த ஓட்டை வழியாக மிகக் குறைந்த விலைக்கு நிலம் எடுத்ததாகச் சொல்லி ஒரு பயனரின் கணக்கை நிறுவனம் மூடியது. வழக்கறிஞரான அவர் பென்சில்வேனியாவில் வழக்குத் தொடுத்தார். தகராறுகளை நடுவர் மன்றத்துக்கே கொண்டு செல்ல வேண்டும் என்ற விதி பயனருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாக அமைந்துள்ளது என்று 2007 மே மாதத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதால், மெய்நிகர் நிலம் சட்டப்படி யாருடைய சொத்து என்ற கேள்விக்கு அவ்வழக்கில் தீர்ப்பே கிடைக்கவில்லை. புதியவர்கள் கணக்குத் தொடங்கும்போது ஏற்றுக்கொள்ளும் விதிகளில் நிலம், நாணயம் பற்றிய பகுதிகளையாவது ஒருமுறை முழுமையாகப் படித்துவிட வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

இரண்டாம் படி: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

நிலம் பெறும் வழிகள் மூன்று. நிறுவனமே உருவாக்கிய பழைய கண்டங்களின் தொகுதியை மெயின்லேண்ட் என்கிறார்கள். சன்சாரா, ஹெட்டரோசெரா, ஜியோஜியாட் போன்றவை அதில் அடங்கும். அங்கே நிலம் வைத்திருக்க, பணம் கட்டிச் சேரும் பிரீமியம் உறுப்பினராக இருக்க வேண்டும். மாதக் கட்டணம் நேராக நிறுவனத்துக்குச் செல்லும். இரண்டாவது, தனியார் எஸ்டேட். ஒருவர் முழு ரீஜன்களை நிறுவனத்திடமிருந்து எடுத்து, மனைகளாகப் பிரித்துப் பிறருக்கு விடுகிறார். இங்கே இலவசக் கணக்கு வைத்திருப்பவரும் இடம் பெறலாம். மூன்றாவது, லிண்டன் ஹோம் எனப்படும் ஆயத்த வீடு. 2010 இல் 512 சதுர மீட்டர் மனைகளோடு தொடங்கிய இத்திட்டம், 2019 ஏப்ரலில் திறக்கப்பட்ட பெல்லிசேரியா கண்டத்தில் 1,024 சதுர மீட்டர் மனைகளாக வளர்ந்தது.

பிரீமியம் உறுப்பினராகும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு லிண்டன் ஹோமில் சில மாதங்கள் வாழ்ந்து பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் தனி விலை இல்லை. பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கலாம். பொருள் வைப்பது, எல்லை பார்ப்பது, அனுமதிகளை மாற்றுவது ஆகியவற்றை இழப்பு அச்சமின்றி அங்கே பழகிக்கொள்ளலாம். ஆனால் பிரீமியத்தோடு வரும் இலவச நில ஒதுக்கீட்டை அந்த வீடு எடுத்துக்கொள்கிறது என்பதை மறக்கக் கூடாது. வீட்டை வைத்துக்கொண்டே மெயின்லேண்டில் இன்னொரு மனையையும் வாங்கினால் அந்த மனைக்கு முழுக் கட்டணம் தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தல்

மெயின்லேண்டில் மனையின் விலை அவ்வுலகின் நாணயமான லிண்டன் டாலரில் சொல்லப்படுகிறது. ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250 லிண்டன் டாலர் என்ற அளவிலேயே மாற்று விகிதம் நீண்ட காலமாக இருந்துவருகிறது. கைவிடப்பட்டு நிறுவனத்திடம் திரும்பிய நிலத்தை, கோரிக்கை அனுப்பி, சதுர மீட்டருக்கு ஒரு லிண்டன் டாலர் என்ற நிலையான விலையில் பெறும் முறை ஒன்று உண்டு. அவ்வாறு 1,024 சதுர மீட்டரைப் பெற்றால் ஆகும் செலவு சுமார் 4 அமெரிக்க டாலர். அதை வைத்திருக்கத் தேவையான பிரீமியம் உறுப்பினர் கட்டணமோ, 2019 ஜூன் மாத உயர்வுக்குப் பின் ஆண்டுக்கு 99 டாலர். நிலத்தின் விலையையும் அதைத் தாங்கும் செலவையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதன்மேல் கண் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இலவச ஒதுக்கீட்டுக்கு மேல் வைத்திருக்கும் நிலத்துக்கு, 'டியர்' (tier, அதாவது படி) என்று பயனர்கள் அழைக்கும் நிலப் பயன்பாட்டுக் கட்டணம் தனியாக உண்டு. இது படிப்படியாக ஏறும்: 512, 1,024, 2,048, 4,096 சதுர மீட்டர் என்று ஒவ்வொரு படியின் பரப்பும் முந்தையதைப் போல இரு மடங்கு. ஒரு படியின் எல்லையை 16 சதுர மீட்டர் தாண்டினாலும் அடுத்த படியின் முழுக் கட்டணம் விழும். பக்கத்து மனையில் ஒரு சிறு துண்டு விலைக்கு வந்ததே என்று வாங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கட்டணம் அந்தக் கட்டணக் காலத்தில் நாம் தொட்ட உச்ச அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதும் முக்கியம். இரண்டு நாள் மட்டும் கூடுதல் நிலம் வைத்திருந்து விற்றுவிட்டாலும் அந்த உச்சத்துக்கே பணம் செலுத்த வேண்டியிருக்கும்.

நண்பர்கள் சேர்ந்து நிலம் எடுப்பதாக இருந்தால் குழுவின் பெயரில் எடுப்பது ஆதாயமானது. உறுப்பினர்கள் தங்கள் ஒதுக்கீட்டைக் குழுவுக்கு அளிக்கும்போது, அளித்த மொத்தத்தின் மேல் 10 விழுக்காடு நிலம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் ஒருவர் தன் பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டால் குழுவின் கணக்குக் குறைபடும் என்பதால், யார் எவ்வளவு அளிக்கிறார்கள், விலக நினைத்தால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பரப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு அளவு, மனையில் எவ்வளவு பொருள் வைக்கலாம் என்பது. முன்பு இதை, பிரிம் எனப்படும் அடிப்படைக் கட்டுமானத் துண்டுகளின் எண்ணிக்கையால் சொன்னார்கள். மெஷ் எனப்படும் வலைப்பின்னல் வடிவங்கள் வந்த பிறகு லேண்ட் இம்பாக்ட் என்ற அளவால் சொல்கிறார்கள். 2016 இன் இறுதியில் நிறுவனம் இந்த வரம்பைக் கட்டணம் கூட்டாமலே உயர்த்தியது: மெயின்லேண்ட் ரீஜனுக்கு 15,000 என்பது 22,500 ஆகவும், தனியார் முழு ரீஜனுக்கு 15,000 என்பது 20,000 ஆகவும் ஆயின. அதனால் இன்று மெயின்லேண்டில் 1,024 சதுர மீட்டருக்கு 351 அலகு கிடைக்கிறது. பரப்பு சிறியதாக இருந்தாலும் ஒரு வீட்டுக்கும் அறைகலன்களுக்கும் தோட்டத்துக்கும் அது தாராளமாகப் போதும். பெரிய மனைதான் வேண்டும் என்று நினைப்பவர்கள், முதலில் தங்களுக்கு வேண்டியது பரப்பா அல்லது பொருள் வரம்பா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: விலை எப்படி மாறிவந்தது என்று படித்தல்

இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். நான் இதில்தான் அதிகம் நிற்க விரும்புகிறேன். இனி வரும் மாற்றங்கள் எந்தத் திசையிலிருந்து வரக்கூடும் என்பதை இங்கே நடந்தவற்றிலிருந்துதான் ஊகிக்க முடியும்.

2003 ஜூன் மாதத்தில் இவ்வுலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது நிலக் கட்டணம் என்ற ஏற்பாடே இல்லை. கட்டிய பொருள்களுக்கு வரி வசூலிக்கப்பட்டது. பெரிதாகக் கட்டியவர்கள் அதிகம் இழந்தார்கள். அமெரிக்க ஊர்களைப் போல ஒரு பகுதியை எழுப்பிக்கொண்டிருந்த குழுவினர், தேயிலைப் பெட்டிகளைக் குவித்துப் போராட்டம் நடத்தினார்கள். அந்த ஆண்டு முடியும் முன்பே பொருள் வரி நீங்கி, வைத்திருக்கும் நிலத்துக்கு மாதக் கட்டணம் என்ற இன்றைய முறை வந்தது.

தனியார் ரீஜன்களின் விலை பல திருப்பங்களைக் கண்டது. 2006 நவம்பருக்கு முன்பு ஒரு ரீஜனை நிறுவ 1,250 அமெரிக்க டாலர், மாதத்துக்கு 195 டாலர். அந்த மாதத்தில் நிறுவும் கட்டணம் 1,675 ஆகவும் மாதக் கட்டணம் 295 ஆகவும் உயர்த்தப்பட்டன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குப் பழைய மாதக் கட்டணமே தொடர்ந்தது. 2008 ஏப்ரலில் நிறுவும் கட்டணம் 1,000 டாலராகக் குறைக்கப்பட்டது. புதிதாக வருபவருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் முந்தைய மாதம் 1,675 கொடுத்தவரின் ரீஜனை அந்த விலைக்கு வாங்க இனி யார் வருவார்? விலை ஏறினால் மட்டுமல்ல, இறங்கினாலும் நிலம் வைத்திருப்பவர் இழக்கக்கூடும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

அதே 2008 இல் நடந்த ஓப்பன்ஸ்பேஸ் விவகாரம் இன்னும் கசப்பானது. கடலும் காடும் போலக் காட்சிக்கு மட்டும் பயன்பட வேண்டும் என்ற நோக்கில் மாதம் 75 டாலருக்கு விற்கப்பட்ட இலேசான ரீஜன்களில் மக்கள் வீடுகளையும் கடைகளையும் கட்டினார்கள். ஒரே சர்வரைப் பல ரீஜன்கள் பகிர்ந்ததால் சுமை கூடியது. அக்டோபர் இறுதியில், வரும் ஜனவரி முதல் கட்டணம் 125 டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. ஒரே அறிவிப்பில் 66 விழுக்காட்டுக்கும் மேலான உயர்வு. கடும் எதிர்ப்புக்குப் பின், பொருள் வரம்பு மிகவும் குறைக்கப்பட்ட ஓப்பன்ஸ்பேஸ் பழைய 75 டாலரிலேயே தொடரும் என்றும், 3,750 பிரிம் கொண்ட ஹோம்ஸ்டெட் என்ற புதிய வகை 95 டாலரில் தொடங்கிப் பிறகு 125 டாலருக்குப் போகும் என்றும் மாற்றினார்கள். அந்த ரீஜன்களை வாடகைக்கு விட்டிருந்தவர்கள் இடையில் மாட்டிக்கொண்டார்கள். வாடகைக்கு இருந்தவர்களில் பலர் இடத்தையே இழந்தார்கள். ஒரு சலுகை விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று பார்க்காமல், அது என்றும் இருக்கும் என்று நம்பித் திட்டமிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கல்வி நிறுவனங்களும் இதையே அனுபவித்தன. அவற்றுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் இருந்த பாதி விலைச் சலுகை 2011 தொடக்கத்திலிருந்து நீக்கப்படும் என்று 2010 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் தீவுகளை மூடிவிட்டு வெளியேறின. 2013 இல் சலுகை மீண்டும் வந்தபோது போனவர்கள் எல்லாம் திரும்பிவிடவில்லை.

2010களின் பிற்பாதியில் போக்கு மாறியது. 2016 இல் ஒருமுறை 600 டாலர் செலுத்தினால் முழு ரீஜனின் மாதக் கட்டணத்தை 295 இலிருந்து 195 ஆக இறக்கிக்கொள்ளும் வாய்ப்பு குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்பட்டது. 2018 மார்ச்சில் பிரீமியம் உறுப்பினரின் இலவச ஒதுக்கீடு 512 இலிருந்து 1,024 சதுர மீட்டராக இரட்டிப்பானது. மெயின்லேண்டில் முழு ரீஜன் அளவுக்கான கட்டணம் 195 இலிருந்து 175 டாலராகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூலையில் தனியார் முழு ரீஜன் 295 இலிருந்து 249 டாலருக்கும், 2019 இல் 229 டாலருக்கும் இறங்கியது. நிறுவும் கட்டணம் 349 டாலரானது. ஆனால் இந்தக் குறைப்புகள் தனியாக வரவில்லை. லிண்டன் டாலர் வாங்கும்போதும் பணத்தை வெளியே எடுக்கும்போதும் பிடிக்கும் கட்டணங்கள் உயர்ந்தன. பிரீமியம் ஆண்டுக் கட்டணம் 72 இலிருந்து 99 டாலரானது. நிலத்திலிருந்து வரும் வருவாயைக் குறைத்து, பரிமாற்றத்திலிருந்தும் சந்தாவிலிருந்தும் வரும் வருவாயைக் கூட்டுவதுதான் நிறுவனத்தின் திட்டம். ஆகவே நிலக் கட்டணம் குறைந்தது என்ற செய்தி வரும்போதெல்லாம், அதே நாளில் வேறு எது ஏறியது என்றும் பாருங்கள். வாங்கும் நாளில் நிறுவனத்தின் கட்டணப் பக்கத்தைத் திறந்து, அன்றைய எண்களை வைத்தே உங்கள் கணக்கைப் போடுங்கள்.

இங்கே நிலத்தின் அளவுக்கு இயற்கையான எல்லை இல்லை. நிறுவனம் நினைத்தால் புதிய கண்டத்தைத் திறக்கும். பெல்லிசேரியாவைப் போல வீட்டோடு கொடுக்கும். 2006 இல் நில வணிகத்தில் பத்து இலட்சம் டாலர் மதிப்பை எட்டியதாக அறிவித்த அன்ஷி சங் என்ற அவதாரின் கதையைக் கேட்டுவிட்டு, முதலீடாக நினைத்து மனை வாங்க வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, வாழவும் கட்டவும் வாங்குங்கள், விலை ஏறும் என்று வாங்காதீர்கள் என்பதே.

ஐந்தாம் படி: மனையை நேரில் பார்த்தல்

வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில் தெரிபவை விற்பனைக்கு உள்ள மனைகள். ஊதா நிறம் ஏலத்தைக் குறிக்கும். பிடித்த மனைக்கு வெவ்வேறு நேரங்களில் மூன்று நான்கு முறையாவது போய் நில்லுங்கள். எல்லைக்கோடுகளைத் திரையில் காட்டச் செய்து, மனையின் வடிவத்தையும் அக்கம்பக்கத்தையும் பாருங்கள். மெயின்லேண்டில் யார் எதைக் கட்டலாம் என்ற வரையறை அனேகமாக இல்லை. இன்று திறந்த வெளியாக இருக்கும் பக்கத்து மனையில் நாளை ஒரு கோபுரம் எழலாம். அதனால்தான் நிறுவனத்துக்கே சொந்தமான சாலையையோ நீர்நிலையையோ ஒட்டிய மனைகளுக்கு விலை கூடுதல். அந்தப் பக்கம் யாரும் மறைத்துக் கட்ட முடியாது என்ற உறுதிக்கு அது தகுந்த விலைதான்.

ஆறாம் படி: வாங்குதல் அல்லது வாடகைக்கு எடுத்தல்

மெயின்லேண்டில் வாங்கு என்ற பொத்தானை அழுத்தியதும் திறக்கும் சாளரம் மூன்று செய்திகளைத் தருகிறது: உறுப்பினர் நிலை போதுமா, மாத நிலக் கட்டணம் உயருமா, கையில் போதிய லிண்டன் டாலர் இருக்கிறதா. நடுவில் உள்ள செய்தியை இரண்டு முறை படித்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

தனியார் எஸ்டேட்டில் விற்பனை என்ற சொல் வேறு பொருள் தருகிறது. அங்கே நீங்கள் பணம் கொடுத்து மனையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டாலும், நிறுவனத்தின் பார்வையில் ரீஜன் எஸ்டேட் உரிமையாளருடையதுதான். அவர் நிறுவனத்துக்குப் பணம் கட்டத் தவறினால் ரீஜன் மூடப்படும், உங்கள் மனையும் அதோடு போகும். பயனர்களுக்கு இடையிலான இத்தகைய தகராறுகளில் நிறுவனம் தலையிடுவதில்லை. எனவே நில விவரச் சாளரத்தில் உள்ள எஸ்டேட் உடன்படிக்கையை முழுதாகப் படியுங்கள். அந்த எஸ்டேட் எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது என்று அங்கேயே இருப்பவர்களிடம் விசாரியுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பல மாத வாடகையை முன்கூட்டியே செலுத்துவதைவிட, வாடகை வாங்க மனையில் வைக்கப்பட்டிருக்கும் வாடகைப் பெட்டியில் வாரத்துக்கு வாரம் செலுத்துவது பாதுகாப்பானது. நகல் எடுக்க முடியாத விலையுயர்ந்த பொருள்களைப் புதிய இடத்தில் உடனே பரப்பி வைக்க வேண்டாம்.

ஏழாம் படி: விட்டு விலகுதல்

விற்கும்போது, குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் என்ற தெரிவு இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். நண்பருக்குக் கொடுப்பதற்காக ஒரு லிண்டன் டாலர் என்று விலை போட்டு, வாங்குபவர் யாரும் ஆகலாம் என்று விட்டுவிட்டால், மலிவு நிலத்தைத் தேடித் திரியும் தானியங்கிக் கணக்குகள் சில நொடிகளில் அதை எடுத்துக்கொள்ளும். திரும்பப் பெற வழி இல்லை. மனையோடு பொருள்களும் விற்கப்படுகின்றனவா என்ற குறியையும் அப்போதே சரிபாருங்கள்.

வாங்க யாரும் வராவிட்டால் நிலத்தைக் கைவிட்டு நிறுவனத்திடமே ஒப்படைக்கலாம். அதற்குப் பணம் எதுவும் திரும்பக் கிடைக்காது. எப்படிக் கொடுத்தாலும், நிலம் கையை விட்டுப் போன உடனே மாதக் கட்டணம் தானாகக் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உங்கள் கணக்கின் நிலக் கட்டணப் பக்கத்துக்குச் சென்று, படியை நீங்களே கீழிறக்க வேண்டும். கட்டணத் தேதிக்கு முன்பே அதைச் செய்து, அடுத்த கட்டணச் சீட்டு வந்ததும் எண் குறைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.